பச்சைக் கொடி நட்ட வீடு

மகளைக் கட்டிக்கொடுத்தது வாடிப்பட்டியில். மதுரை கே.கே. நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு அவள் எப்போதாவதுதான் வருவாள், வந்தாலும் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவாள். "அம்புட்டு அவசரம்னா எதுக்குடி வாறே?" என்று எரிந்து விழுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உள்ளுக்குள் அரித்ததெல்லாம் ஒன்றுதான்: பிறந்த வீடு இவளுக்கு விட்டுப்போச்சா?

அன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மண்டபம் புதுசு, வழி தெரியாது. அவள் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அவள் போனைப் பார்த்து நான் வழி சொன்னேன்.

"நீலக் கோட்டப் பாத்துக்கிட்டே வாம்மா. செவப்பா மாறுனா டிராபிக்" என்றாள்.

சிக்னலில் நின்றபோது கை சும்மா இருக்குமா? இரண்டு விரலால் மேப்பைச் சுருக்கினேன். வாடிப்பட்டியில் குட்டியாக ஒரு வீட்டுப் படம்.

"இது என்னடி?"

"எங்க வீடும்மா. அதத் தொட்டாப் போதும், எங்க இருந்தாலும் வீட்டுக்கு வழி காட்டிரும்."

எங்க வீடாம்! சுருக்கென்றது. அப்படியே எங்கள் தெருவைத் தேடிப் பிடித்தேன். நம் வீட்டு மேல் பச்சையாக ஒரு கொடி. வாடிப்பட்டி ரோட்டில் வயலையெல்லாம் பிளாட் போட்டு, கல்லுக்குக் கல் கொடி நட்டிருப்பார்கள், விற்பனைக்கு என்று. எனக்குத் தெரிந்த கொடி அதுதான்.

"ஏண்டி, பொறந்த வீட்ட விக்கப் போறியாக்கும்?"

"என்னம்மா உளர்ற?"

"வீட்டுப் படத்தத் தூக்கி அங்க வச்சிட்டே. சரி, அது நியாயம். இங்க எதுக்குடி கொடி நட்டே?"

"அய்யோ அம்மா! போகணும்னு ஆசைப்படுற எடத்துக்கு அந்தக் கொடிய வைப்பாங்க. ஊட்டி, கொடைக்கானல், அப்படி."

"நம்ம வீட்டுக்கு எப்ப வச்சே?"

"கல்யாணமாகி அங்க போன மறுநாளே."

"அம்புட்டு ஆசைன்னா வர வேண்டியதுதானடி?"

"நெனச்ச ஒடனே கெளம்பிர முடியுமாம்மா? தவிச்சுக்கிட்டு ஓடி வந்தா, நீ எதுக்கு வந்தேங்குற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பச்சை சிக்னல் விழுந்து, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

"ம்மா, எந்தப் பக்கம் திரும்பணும்?"

"தெரியலடி தங்கம். மெதுவாவே போ."