மயில்நீலக் கார்டும் சரீனாவும்

கடல்நீர் பட்ட பட்டுச் சேலையில் சூடான அயன் பெட்டியை வைத்தால் ஒரு வாசம் எழும்… உப்பும் ஈரமும் கலந்த வாசம். இன்றைக்கும் எங்கேயாவது அது வந்தால், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தையல்கடைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அங்கேதான் என் முதல் வேலை. பக்கத்து மெஷினில் சரீனா. குறிஞ்சாக்கேணியில் வீடு. தினமும் கிண்ணியாத் துறையில் 'பாதை' ஏறித்தான் வருவாள். ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம்… பபிள்கம் பக்கெற்றில் வரும் ரீவி நாடக நடிகைகளின் கார்ட் சேர்ப்பது. மென்று மென்று வாய் வலித்ததுதான் மிச்சம், எனக்கு வில்லிகளாகவே வந்து சேர்ந்தார்கள். சரீனாவுக்கோ மயில்நீலச் சேலையில் கதாநாயகி நிற்கும் கார்ட்! தொடவே விடமாட்டாள்.

"கையக் கழுவிட்டு வா புள்ள!"

அந்த நாடகக்காரர்கள் ஒருமுறை துறைமுகத்தில் படம் எடுக்க வந்தார்கள். இறங்குதுறைக் கம்பியில் மாட்டிக் கதாநாயகியின் சேலை கிழிந்தது. நம்பமாட்டீர்கள், அதே மயில்நீலச் சேலை… எங்கள் கடைக்குத்தான் வந்தது. கிழிந்த முந்தானை ஓரத்தை வெட்டிவிட்டு சரீனா மடித்துத் தைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது.

ஆனால் கடைக்கார செல்வி அக்காவுக்கு ஒரு சட்டம் இருந்தது. வெட்டித்துண்டு விரலளவு என்றாலும் பார்சலுக்குள் வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

"மிஞ்சினதும் தைக்கத் தந்தவையின்ரதான், பிள்ளையள்."

சரீனா சட்டத்தை மீறவில்லை. துண்டைத் தன் கார்டில் குண்டூசியால் குத்திப் பார்சலுக்குள் வைத்துவிட்டாள். கார்டைக் கண்டால் நடிகை கையெழுத்துப் போட்டு, துணியோடு திருப்பி அனுப்புவார் என்று அவள் கணக்கு. பார்சலோடு நாடகக்காரர்களின் வேன் போன பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"மாறிப் போகாம என்ட பேரும் எழுதி விட்டனான்."

"எங்கை எழுதினனீ?"

"கீழ, அந்த வெள்ளை இடத்தில."

"அடியேய்! அவ கையெழுத்துப் போட இருந்த இடமே அதுதானேடி!"

மறுநாள் முழுக்க, வாசலில் எந்த வாகனம் நின்றாலும் அவள் மெஷினும் நின்றது. பின்னேரம் வேன்காரர் வெறுங்கையோடு வந்தார்.

"மேடத்துக்குச் சரியான சந்தோஷம். தங்கச்சி தந்த பரிசெண்டு ஹேண்ட்பேக்குக்குள்ள வச்சுக் கொண்டு போயிட்டா."

இருந்த ஒரே நல்ல கார்டும் போயிற்று. எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி சிரித்தாள்.

"பாரு புள்ள… நாம அவட கையெழுத்தக் கேட்டம். அவ என்ட கையெழுத்தக் கொண்டு போயிட்டா."

இப்போது இதெல்லாம் பெரிய வியாபாரம். நடிகர்கள் உடுத்த உடுப்பில் ஒரு துண்டைக் கார்டுக்குள் பதித்து, கையெழுத்தும் வாங்கி, ஒன்லைனில் விற்கிறார்கள். மகள் ஒன்றை வாங்கிக் காட்டினாள். அழகாகத்தான் இருக்கிறது.

சரீனா இப்போது உயிரோடு இல்லை; போன வருடம் மௌத்தாகிவிட்டாள். பக்கத்துப் பக்கத்தில் இருந்து நாள் முழுக்கக் கதைத்தவர்களுக்கு எழுதிக்கொள்ள என்ன இருந்தது? அவள் கைபட எழுதிய ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. அது மனதை அறுக்கிறது.

அதனால் அந்த விற்பனைப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்… மயில்நீலம் தெரிந்தால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நடிகை கையெழுத்தே போடாத ஒரு கார்ட் எங்கேயாவது உங்கள் கண்ணில் பட்டால், கீழே வெள்ளை இடத்தில் 'சரீனா' என்று எழுதியிருந்தால், எனக்குச் சொல்லுங்கள். கேட்கிற விலை தருகிறேன்.