பெட்டிக்குள் விழுந்த நாலு பேர்

பாட்டில் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்கு ஃபோர்மேன் அவர். பதினெட்டு வருஷமாக எட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிறார். கிழிந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடக்கூட மனசு வராத ஆள். அவரிடம் போய் மேனேஜர் நாலு பேரைக் கேட்டிருந்தார். புது மெஷின் வருகிறது, வீட்டுக்கு அனுப்ப நாலு பெயரை மாசக் கடைசித் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடு என்று. மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வெற்றுக் காகிதத்தை வைத்துக்கொண்டு, சோறு தண்ணி இறங்காமல் அலைந்தார் மனுஷன்.

கெடுவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா முகம் கொஞ்சம் தெளியட்டுமே என்று மகள் ஒரு பலகை விளையாட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். தொழிற்சாலைகளைக் கட்டிப் பெருக்குகிற விளையாட்டு. நிலக்கரி, இரும்பு, ரயில் பாதை எல்லாம் அட்டையில். தொழிலாளிக்கு மட்டும் விரல் நுனி அளவு மரப்பொம்மை, ஆளுக்கு எட்டு. அவர்களுக்கு மேற்பார்வையாளராகத் தொப்பி போட்ட பொம்மை ஒன்று.

“நல்லாருக்கே! லீவு நாள்லயும் ஓவர்டைமா?” என்றபடி உட்கார்ந்தார்.

பொம்மைகளை அடுக்கும்போதே தன் பிரிவு ஆட்களின் பட்டப்பெயரையும் வைத்தார். “இது நெட்டையன். இது லேபிள் அக்கா. இவன் தூங்குமூஞ்சி, ஆனா வேலையில சுத்தம்.” துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

அரைமணி நேரத்தில் ஃபோர்மேன் ஆளே மாறிப்போனார். பெற்ற மகளென்றும் பார்க்காமல் அவளுடைய ரயில் பாதையை மறித்தார். இருந்த இரும்பையெல்லாம் வளைத்துப் போட்டார். புது மெஷின் அட்டை கைக்கு வந்ததும் வாயெல்லாம் பல். ‘நான்கு தொழிலாளர்களைப் பெட்டியில் போடவும்’ என்று அதில் அச்சடித்திருந்தது. ஒரே அள்ளு. நாலும் டொக் டொக்கென்று விளையாட்டுப் பெட்டிக்குள் விழுந்தன.

“அப்பா, கீழ இன்னொரு வரி இருக்கு” என்று மகள் வாசித்தாள். “ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவையில்லை. அவரையும் பெட்டியில் போடவும்.”

தொப்பி போட்ட பொம்மையை எடுக்க அவள் கை நீட்டினாள். ஃபோர்மேன் பொத்தென்று உள்ளங்கையால் அதை மூடினார். எட்டில் நாலு போனால் நாலு. இந்தக் கணக்கு மூன்று வாரமாக அவர் மண்டையில் ஏறவே இல்லை. மேனேஜர் தோளில் கை போட்டு இதமாகப் பேசியது இப்போது ஞாபகம் வந்தது. நாலு பேர் போனால் அடுத்து தன் தலைதான்.

“அநியாயம்! இவனை எப்படி எடுக்கலாம்? அந்தப் பிரிவையே தூக்கி நிறுத்தினவன்!” வீடே அதிரக் கத்தினார்.

மனைவி மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். “நாலு பேரை அள்ளிப் போட்டீங்களே, அப்ப சத்தத்தையே காணோம். சரி, யார் யாரைப் போட்டீங்க?”

அவர் பலகையைக் குனிந்து பார்த்தார். நெட்டையன் இருக்கிறானா, போய்விட்டானா? லேபிள் அக்கா? எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே உயரம். பெயர் வைத்தவருக்கே தெரியவில்லை. இத்தனை சுலபமாகவா போட்டேன், நானா போட்டேன் என்று தன்னை நினைத்தே அரண்டுபோனார்.

பெட்டிக்குள் கைவிட்டு நாலு பொம்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தார்.

“ரூல்ல அப்படி இல்லப்பா” என்றாள் மகள்.

அவர் சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, தன் ஆட்கள் எட்டுப் பேரின் பெயரையும் எழுதினார். ஒன்பதாவதாகத் தன் பெயரை எழுதினார்.

“நாலு கேட்டா ஒம்பதா?” என்றாள் மனைவி.

“ஆமா. யாருன்னு அந்த மேனேஜரே வந்து சொல்லட்டும். எங்க ஒம்பது பேர் மூஞ்சியையும் பார்த்துச் சொல்லட்டும்.”