எஞ்சின் நின்ற பிறகு சுற்றிய விசிறி

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக நடந்த சண்டை ஒரு விசிறியைப் பற்றியது. வீட்டு விசிறி என்றாலும் பரவாயில்லை. லொறி எஞ்சினைக் குளிராக்குகிற விசிறி. வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா?

புதுக்குடியிருப்பில் எங்களுக்கு இருப்பது ஒரேயொரு பழைய டீசல் லொறி. என் கணவர்தான் ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து மாங்குளம் மில்லுக்கு நெல் ஏற்றுவார். மற்ற நாட்களில் சீமெந்து, ஓடு, கிடைக்கிற எதுவும். நான் ரியூசனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் என்னைச் சீண்ட நினைத்தால் "ரீச்சர்" என்பார். தேநீர்க்கடையில் நாலு பேர் நிற்கும்போது சொன்னால் அவருக்கு இன்னும் சந்தோசம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லொறியில் இருந்த விசிறியை எஞ்சின்தான் பெல்ற் போட்டுச் சுற்றியது. எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அதுவும் ஓடும். டீசலுக்கு வரிசையில் காய்ந்த அந்தக் காலத்தில் என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விடியப்புறப் பனிக்குள்ளையும் இது ஏன் சுத்துது? சும்மா டீசலைக் குடிக்குது. கரண்ட் ஃபான் பூட்டினா சூடு ஏறினாப் பிறகுதான் ஓடும்" என்றேன்.

"பெல்ற் ஃபானுக்கு மூளை தேவையில்லையடி. எஞ்சின் சுத்தினா சுத்தும், நிண்டா நிக்கும். உன்ர கரண்ட் ஃபானுக்கு வயர் வேணும், சுவிச் வேணும், நல்ல பற்றரி வேணும். ஒரு எலி கடிச்சால் காணும், லோட்டோட நடுறோட்டில கொதிச்சுப்போய் நிக்கவேணும்."

"வயலுக்குள்ள ஊர்ந்து வரேக்கை எஞ்சின் மெள்ளத்தான் சுத்தும். அப்ப உங்கட ஃபானும் மெள்ளத்தான் சுத்தும். அந்த நேரந்தானே கூடக் காத்து வேணும்?"

"ரீச்சர் வகுப்பெடுத்தா எஞ்சினும் கேக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. எனக்கு வெல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் சீமெந்து ஏற்றி வரும் வழியில் பெல்ற் அறுந்து, தண்ணீர் கொதித்து, லொறி வெயிலில் அரை நாள் நின்றது. அன்றோடு அவர் இறங்கி வந்தார். "சரி, உன்ர ஃபானையே பூட்டு. கொதிச்சா நீதான் வந்து ஊதவேணும்."

மாங்குளத்தில் கராஜ் வைத்திருக்கிறவர் எங்களுக்குப் பழக்கம். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். பெல்ற் விசிறியைக் கழற்றிவிட்டு, றேடியேற்றருக்கு முன்னால் இரண்டு கரண்ட் விசிறிகளைப் பூட்டித் தந்தார். அடுத்த நாள் மத்தியானம் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"அக்கா, அண்ணை ஃபோன் எடுக்கிறாரில்லை, லொறி ஓடிக்கொண்டு நிக்கிறார் போல. ஒரு விசயம் சொல்ல மறந்துபோனன். எஞ்சினை நிப்பாட்டினாப் பிறகும் இந்த ஃபான் தன்ரபாட்டில ஓடத் தொடங்கும். இது சூட்டைப் பாத்துத்தான் வேலை செய்யும், சாவியைப் பாத்தில்லை. பற்றரி வயரைக் கழட்டாமல் உள்ளுக்குக் கைவிட வேண்டாம் எண்டு அண்ணைட்ட கட்டாயம் சொல்லுங்கோ."

"ஓம் தம்பி, சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அவர் வந்து, கால்கூடக் கழுவாமல் குசினி வாசலில் நின்று, "உன்ர ஃபான் பரவாயில்லையடி" என்றார். மூன்று மாதச் சண்டைக்குப் பிறகு கிடைத்த முதல் நல்ல வார்த்தை. அந்த நேரம் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதலாம். அது பச்சைப் பொய். மூன்று தரம் வாய்வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "நிப்பாட்டினாலும் நிக்காத சாமான் வாங்கியிருக்கிறா ரீச்சர்" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க வாய் தானாக மூடிக்கொண்டது.

அதற்குள் அறுவடை தொடங்கிவிட்டது. வெட்டு மெசின் ஓடுகிற வயலுக்குள் போகிற லொறி எல்லாவற்றுக்கும் றேடியேற்றரில் வைக்கோலும் பதரும் வந்து அப்பிக்கொள்ளும். எங்கள் பக்கத்துச் சாரதிகள் லொறியை நிற்பாட்டுவார்கள், முன் தகட்டைக் கழற்றுவார்கள், கையை விட்டு இழுத்துப் போடுவார்கள். நாளுக்கு நாலைந்து தரம். எஞ்சினை நிற்பாட்டினால் பயமில்லை என்பது அவர்களுடைய கைக்கே தெரிந்த விஷயம். அதை யோசித்துச் செய்கிறவர் எவரும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

அறுவடை நாளொன்றில் மத்தியானம் லோட்டோடு சாப்பிட வந்தார். நான் குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் நின்றது கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். முன் தகட்டைக் கழற்றி நிலத்தில் சாத்திவிட்டு, வலக்கையை உள்ளே விட்டு வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினேன்.

கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "என்ன?"

விசிறி ஓடத் தொடங்கியது.

ஐயோ, அந்த முகம். அவர் கத்தவே இல்லை. கையை இழுத்தெடுத்துப் பார்த்தார். பிறகு இடக்கையில் இருந்த சாவியைப் பார்த்தார். வலியைவிட ஆச்சரியந்தான் அந்த முகத்தில் இருந்தது. ஓடிப்போய்த் துவாயால் கையைச் சுற்றிக் கட்டினேன். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"நான் நிப்பாட்டினனானே? நீ கண்டனியே?"

"ஓம், நிப்பாட்டினனீங்கள்" என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன்.

நடுவிரலிலும் மோதிரவிரலிலும் பாதிதான் மிஞ்சியது. மூன்றாம் நாள் கராஜ்காரர் தோடம்பழப் பையோடு வார்டுக்கு வந்தார். அவரைக் கண்டதும் என் கணவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதே, தம்பி? இந்தக் கையாலதானே நான் ஸ்ரேரிங் பிடிக்கிறது!"

கராஜ்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரேயொரு தரம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பிழைதான் அண்ணை. சொல்ல மறந்துபோனன்" என்றார்.

என் பழியை ஒரு மனிதர் என் கண்முன்னால் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே முடிந்துவிடும். திறக்கக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி சொன்னவர்" என்றேன். "எனக்குத்தான் சொன்னவர். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

என் கணவர் என்னைப் பார்த்தார். "ஏன்?"

"நீங்கள் சிரிப்பியள் எண்டு."

கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"சிரிச்சா என்னடி?" என்றார். "சிரிச்சுப்போட்டு வயரைக் கழட்டியிருப்பன்."