விளக்குக்குப் போன கடலை எண்ணெய்

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் கடலைக்காடு பூத்ததோடு மழை நின்றுபோனது. பூ உதிர்ந்ததும் செடியிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும், இறங்கினால்தான் காய். செம்மண் காய்ந்து இறுகிக் கிடந்ததால் பாதி விழுதுகள் தரையைத் தொட்டும் உள்ளே போக வழியில்லாமல் கருகின. நடுப்பகலில் இலைகள் மூடிக்கொள்ளும். செடிகள் தூங்குகின்றன என்று நினைத்து நான் வரப்பில் சத்தமில்லாமல் நடப்பேன்.

அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். குருபரப்பள்ளிப் பக்கத்து நிலத்தை அம்மாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா எதற்கும் கலங்காதவர். செடி வாடியபோதும், "எண்ணெய்க்காச்சும் ஆவும், விடுங்க அண்ணி" என்றார்.

பிடுங்குவதற்குச் சற்று முன்னால் மழை வந்தது. பந்தி முடிந்தபிறகு வரும் விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை, நாங்களும் திட்டவில்லை. ஆனால் வறட்சியில் வெடித்திருந்த காய்களுக்குள் ஈரம் புகுந்துவிட்டது. பல காய்கள் உள்ளே பருப்பில்லாத பொக்கு. சிலவற்றை ஆட்டினால் சுருங்கிய பருப்பு உள்ளே உருண்டது. சில பருப்புகளின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம். வாங்க வந்த வியாபாரி ஒரு பருப்பை மென்று துப்பிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சித்தப்பா மூட்டைகளைக் காவேரிப்பட்டினத்து எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோய் ஆட்டி, டின்களும் புண்ணாக்குமாகத் திரும்பினார். புண்ணாக்கை ஊறவைத்து முதலில் கோழிக்குஞ்சுகளுக்கு வைத்தார். அவை ஆசையாகத்தான் தின்றன. பிறகு இரையெடுக்காமல், இறக்கையைத் தொங்கப்போட்டு, ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சியிருந்த ஒன்றைக் கூடையில் வைத்து அம்மா கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். பூஞ்சணம் பிடித்த கடலையில் விஷம் இருக்கும், ஆட்டிய எண்ணெயிலும் இறங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

அந்த ஞாயிறு வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"எண்ணெய நாம தின்ன வேணாம் அண்ணி. ஹைவேல பஜ்ஜிக் கடைக்காரன் கேக்கறான், குடுத்துட்டு வந்துடறேன். காய்ச்சுனா எல்லாம் போயிடும்" என்றார் சித்தப்பா.

"போயிடும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"ஒரு வருசப் பாடு அண்ணி."

"நானுந்தான களை வெட்டனேன்" என்றாள் அம்மா. "அங்க நின்னு திங்கறதும் யாரோ பெத்த புள்ளைங்கதான."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா டின்களைப் பார்த்தார். "அவ சொல்றபடி செய்டா" என்றதோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

புண்ணாக்கு மாட்டுக்கும் போகவில்லை. குழி வெட்டி மூடினார்கள். யாரும் தெரியாமல் எடுத்துச் சமைத்துவிடக் கூடாதென்று அம்மா டின்களின்மேல் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டாள். குழம்புக்கு ரேஷன் பாமாயில் வந்தது. வாசனையே இல்லையென்று நான் தட்டைத் தள்ளியது நினைவிருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று அம்மா முதல் டின்னைத் திறந்தாள். வாசற்படி, மாட்டுக்கொட்டகை, சுற்றுச்சுவர், அறுவடை முடிந்த காட்டின் வரப்பு என எல்லா இடத்திலும் அகல் வைத்தோம். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அவ்வளவு விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா படியில் உட்கார்ந்து எரிகிற திரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அழகாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்தேன்.

சித்தப்பா தூக்குப்பாத்திரத்தோடு வரப்பில் குனிந்து குனிந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சித்தப்பா, நாம பணக்காரங்க ஆயிட்டமா?"

அவர் நிமிரவில்லை.

"ஆமா கண்ணு" என்று சொல்லி, அடுத்த அகலில் வழிய வழிய ஊற்றினார். நான் நம்பினேன்.