ஐந்தாவது டயர்

ராக்லிக் ஓடையின் பாலத்தை ஜூலை வெள்ளம் கொண்டுபோன பிறகு, வெர்லின் சைஸ்மோருக்கு உலகத்தில் ஒரே வேலைதான் மிஞ்சியது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மனைவி நாடீனை ஓடைக்கு அந்தப் பக்கம் சேர்த்தாக வேண்டும். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் செயலற்றுப் போயிருந்தன. டயாலிசிஸ் நிலையம் நாற்பது மைல் தள்ளி. பாலம் தனியார் பாதையில் இருந்ததால் கட்டித்தர யாரும் வரவில்லை. ஓடைக்குள் இறங்கித்தான் ஓட்ட வேண்டும். அவனுடைய பழைய பிக்கப்போ, நடு ஓடைப் பாறையில் வயிறு தட்டி நின்றது.

கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கூரை சரியாமலிருக்கப் போல்ட் அடித்தவன் வெர்லின். கூடவே வேலை பார்த்த எஸ்டில் இப்போது டயர் கடை வைத்திருந்தான். பெரிய டயர் போட்டால் வண்டி உயருமென்று வெர்லின் அவனிடம் போனான்.

"சக்கரத்தோட சேத்து மாத்திடுடா, தலைவலியே இல்ல," என்றான் எஸ்டில்.

"சக்கரம் கம்பெனி போட்டதேதான் இருக்கும். அதுல ஏறுற மாதிரி பெரிய டயரா தேடு," என்றான் வெர்லின்.

எஸ்டில் குனிந்து நாடாவால் அளந்தான். "பதினேழு இஞ்சு. ரிம் அகலம் கம்மி. அகலமான டயர் போட்டா உன் தொப்பை மாதிரி பிதுங்கும். உசரமா, ஒல்லியா வேணும். ஒண்ணு கேட்டுக்கோ, டயர் ரெண்டு இஞ்சு உசந்தா வண்டி ஒரு இஞ்சுதான் தூக்கும்."

"அந்த ஒரு இஞ்சுதாண்டா எனக்கு வேணும்."

ஐந்து வாரம் தேடினான்; அதுவரை நாடீனைக் கையில் தூக்கிக்கொண்டு நீரில் நடந்துதான் ஓடையைத் தாண்டினான். பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில் ஒரே அளவில் இரண்டு கிடைக்கும், மூன்று கிடைக்கும். கடைசியில் ஒரு மரவியாபாரியின் வண்டியிலிருந்து, ஓடும் நாலும் ஸ்டெப்னி ஒன்றுமாக ஐந்தும் கிடைத்தன. மாட்டிவிட்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசியது. உரசிய பிளாஸ்டிக்கை எஸ்டில் கத்தியால் செதுக்கி எடுத்தான்.

"ஸ்டெப்னி வண்டிக்கு அடியில ஏறல, இது பெருசு. பின்னால தளத்துலயே கெடக்கட்டும். அடியில இருக்குற பழைய சின்ன ஸ்டெப்னியைக் கழட்டி எறிஞ்சிடு. மூணு பெருசோட சின்னது ஒண்ணை மாட்டி நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டேன்னா, முறுக்கிக்கிட்டு ஏதாவது ஒண்ணு ஒடையும்."

பழையதைப் பிடித்திருந்த போல்ட் துருவேறிக் கிடந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று வெர்லின் விட்டான்.

நாடீன் ஏறுவதற்குப் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். "என்ன வெர்லின், எனக்குக் குதிரை வாங்கியிருக்கியா?" என்று சிரித்தாள். ஓடையில் வயிறு தட்டவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் உதவி கேட்கும் வழக்கமில்லை. நிரப்பி வரச் சொல்லாமலே, காலி கேஸ் சிலிண்டரை வண்டிக்காரன் வீட்டுத் தபால் பெட்டிக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஓடை தாண்டும் வண்டி இது ஒன்றுதான் என்றான பிறகு பதினோரு வீட்டுச் சிலிண்டரும் வெர்லினின் தபால் பெட்டிக்கடியில் வந்து நின்றன. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை எட்டு சிலிண்டர். இடம் போதாமல் ஐந்தாவது டயரைக் கொட்டகையில் இறக்கினான். வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத் திரும்பியவன் அதை ஏற்ற மறந்தான்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை பனியில் டயாலிசிஸ் தவறியிருந்தது. மறுநாள் செவ்வாய்க் காலை நாடீனின் முகம் வீங்கி, பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது. வீட்டிலிருந்து அரை மைல் வந்து ஓடைக்கரையில் இறங்கும்போது கூர்க்கல் ஒன்று பின் டயரைக் கிழித்தது. ஐந்தாவது டயர் கொட்டகையிலேயே கிடந்தது.

"போய் எடுத்திட்டு வா. நான் இருக்கேன்," என்றாள்.

போனால் அரைமணி நேரம். கரித்தூள் அடைத்த அவன் நெஞ்சுக்கு ஏற்றம் இன்னும் நேரமெடுக்கும். அவள் உதட்டைப் பார்த்தான், நீலம் பாரித்திருந்தது.

"இந்த ஓடையை மட்டும் தாண்டிட்டா போதும்," என்று வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, பழைய ஸ்டெப்னியின் துருவேறிய போல்ட்டோடு மல்லுக்கட்டினான். கழன்று வந்தது. சின்னதை மாட்டி, நாலு சக்கரத்தையும் இழுவையில் போட்டு இறங்கினான். கரையின் வெறும் பாறைமேல் வண்டி முறுக்கிக்கொண்டு திணறுவது இருக்கையிலேயே தெரிந்தது. நடு ஓடையில் கீழே மரம் முறிவதுபோல ஒரு சத்தம். இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை.

ஹாரனை விடாமல் அழுத்தினான். சிலிண்டர் வாங்கியவர்கள் ஓடிவந்தார்கள். வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி வந்து அதில் அவளைக் கிடத்தி, இடுப்பளவு பனித்தண்ணீரில் ஆறு பேர் சுமந்தார்கள். மறுகரைக்கு ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரமானது. புதன்கிழமை விடிவதற்குள் நாடீன் இறந்துபோனாள்.

வண்டியை எஸ்டில் சரிசெய்து கொடுத்தான்.

ஏப்ரலில் தபால் பெட்டிக்கடியில் மறுபடி சிலிண்டர்கள் முளைத்தன. இப்போது ஐந்துதான் ஏற்றுகிறான். மிச்சத்துக்கு இன்னொரு நடை. தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஐந்தாவது டயர் பாதி இடத்தைப் பிடித்துக் கிடக்கிறது.

"அதைக் கொஞ்சம் எறக்கி வச்சா ஒரே நடையில முடிஞ்சிடுமேண்ணே," என்றான் மேல் வீட்டு ஆடிஸ்.

வெர்லின் சங்கிலியை இழுத்துப் பார்த்தான். பூட்டையும் இழுத்துப் பார்த்தான்.

"மத்ததை மத்தியானம் கொண்டாறேன்," என்றான்.