உள்ளே போகாத கேமரா

ஓமலூர்ப் பக்கம் இருந்த என் மாமனார் வீட்டை ரோடு அகலப்படுத்த இடித்தார்கள். அரை நாளில் வேலை முடிந்துவிட்டது. தொட்டிக்கட்டு வீடு அது. நடுவில் வானம் தெரியும் முற்றம், நாலு பக்கமும் ஓடு இறக்கிய தாழ்வாரம். இப்போது அந்த முற்றத்தின் மேல் லாரி போகிறது. அந்த இடம் வந்தால் என் மனைவி பஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு நாள் கேட்டாள்: "ஏனுங்க, நம்ம கல்யாணம் அந்த ஊட்டுலதானே நடந்துச்சு? கேசட்டு இருக்குதல்லோ? ஒருக்கா போடுங்க. ஊட்டுக்குள்ளாற பார்க்கோணும்."

நான் சேலத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். எங்கள் கல்யாணத்தை என் கூட்டாளி எடுத்தான். மிக்சிங் மட்டும் நானே செய்தேன். புதுப் பெண்டாட்டியை அசத்த வேண்டும் என்று கையில் இருந்த எஃபெக்ட் அத்தனையையும் போட்டுத் தொலைத்திருந்தேன்.

போட்டுப் பார்த்தோம். தாலி கட்டும்போது நாங்கள் ஒரு இதயத்துக்குள் இருக்கிறோம். சுற்றிலும் பனிமலை. சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஆசாரம் என்கிற முன்கூடத்தில் நீர்வீழ்ச்சி கொட்டுகிறது. முற்றம் வருகிற நேரம் பார்த்து ஒரு ரோஜா விரிந்து திரையை அடைக்கிறது. ஒரு தூண்கூடத் தப்பவில்லை.

"எங்கப்பன் ஊட்டுல எங்கீங்க பனி பேஞ்சுது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"மிக்சிங் பண்றதுக்கு முந்தி எடுத்த கேசட்டு?"

"அதுலதான் அடுத்த வாரம் எருமப்பட்டியில ஒரு காதுகுத்து எடுத்தேன்."

அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஒரு கேசட்டின் மேலேயே அடுத்த விசேஷத்தை எடுப்போம். ஆல்பத்தைப் புரட்டினாலும் முகங்கள்தான். வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று அதை யாரும் படம் எடுக்கவில்லை. முட்டாள்கள். நானும்தான்.

பிறகு ஞாபகம் வந்தது. மாமனார் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். அவர் வீடும் போய், இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறார். தேடிப் போனேன்.

"கேசட்டுங்களா? போட்டுப் பார்க்க மிசினே இல்லீங்களே! எம் பொண்டாட்டி அந்தப் பெட்டியில பல்லுப் பவுடர் வச்சிருக்கா" என்றார். கேசட் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. பிரித்து, நாடாவை விரல் அகலம் விரல் அகலமாகத் துடைத்து ஓட வைத்தேன்.

முகூர்த்தம் முடிந்து மணமக்கள் காலை வெயிலில் கோயிலுக்கு நடக்கிறார்கள். பின்னால் என் மாமனார் வீடு. மிக்சிங்குக்கு அவர் காசு தரவில்லை; ரோஜா இல்லை, பனி இல்லை. வாசற்கதவு திறந்திருக்கிறது. ஆசாரத்தைத் தாண்டி முற்றத்து வெளிச்சம். கொடியில் ஈரச் சேலை ஒன்று தொங்குகிறது.

என் மனைவி எழுந்து போய் டிவியைத் தொட்டாள். "அம்மா சேலைங்க அது. பச்சை. இன்னும் கொஞ்சம் உள்ள போங்க..."

கேமரா மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டது. திருப்பியவன் நான். மாப்பிள்ளை மாலையைச் சரி செய்துகொண்டிருந்தார். அதைத்தான் எடுத்தேன்.

ஊரில் இப்போது ட்ரோனைப் பறக்கவிட்டு, பாட்டுப் போட்டு, பழைய சேலம் என்று எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஓடுதான். காக்காய் பார்க்கிறதை மனிதனுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

நான் போனை எடுத்துக்கொண்டு, இடிப்பதற்குச் சிவப்புக் குறி போட்ட வீடுகளுக்குப் போகிறேன். போன வாரம் ஒருவர் சலவைச் சட்டை போட்டு வாசலில் நின்றார்.

"இப்படி நின்னாப் போதுங்களா?"

"நீங்க தள்ளுங்க. முதல்ல சமையல்கட்டு."

"அது கரி புடிச்சுக் கெடக்குதுங்க! இடிக்கப்போற ஊட்டுக்கு எவனாச்சும் வெள்ளையடிப்பானா?"

"அந்தக் கரிதான் வேணும்" என்று உள்ளே போனேன். அடுப்புத் திண்டு, புகைக்கூண்டு, கதவுக்குப் பின்னால் பென்சிலில் குறித்த பால் கணக்கு, கிணற்றுக்குப் போகும் படி. நிதானமாக எடுத்தேன். யார் முகத்துக்காகவும் திரும்பவில்லை.

அதை மனைவிக்குக் காட்டினேன். முழுக்கப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க" என்றாள். "ஆனா இது எங்கூடு இல்லீங்களே."

இல்லைதான்.

"எங்கூட்டைப் போடுங்க" என்றாள். போட்டேன். கதவு வந்தது. வெளிச்சம் வந்தது. சேலை வந்தது. மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் நிறுத்தினேன்.