கப்பல்காரன் மனைவியும் பெரிய டிவியும்

கடையில் அவளுக்கு ஸ்பிரிட் அக்கா என்று பெயர். கம்ப்யூட்டர், டிவி ரிப்பேருக்காக வீடு வீடாக ஆள் அனுப்பும் அந்தக் கடையில் பெண் மெக்கானிக் அவள் ஒருத்திதான். பதினாறு வருஷமாக அதே வேலை. ஒரு ஒயரைத் தொடுவதற்கு முன்னால் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒயரைத் துடைப்பாள். தொட்ட பிறகு தன் கையைத் துடைப்பாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஜனங்கள் டிவியின் முன்பக்கத்தைக் காட்டுகிறார்கள். பின்பக்கத்தைப் பார்க்கிற தலையெழுத்து அவளுக்கு. கரப்பான் முட்டை, எலிப் புழுக்கை, மென்று ஒட்டிய பபிள்கம், ஒரு வீட்டில் யாருடையதோ பல்செட். எந்த வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஒரு தடவை துடைச்சுப் பாத்திருப்பே" என்று பஸ் ஓட்டும் அவள் புருஷன் கேலி செய்வான்.

அன்றைக்கு மதியம் முதலாளி அனுப்பிய வீடு ஒரு ரிட்டையர்டு கிளார்க்குடையது. கம்ப்யூட்டர் படம் டிவியில் வரவில்லை, நாலு மணிக்குள் வந்தாக வேண்டும் என்று காலையிலிருந்து மூன்று போன்.

கதவைத் திறந்தவர் பனியனோடு நின்றார், கையில் நகவெட்டி. "வாம்மா. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலையில போட்டா 'சிக்னல் இல்லை'ன்னு நீலமா நிக்குது."

ஹாலில் பெரிய சோபா. அதில் அவர் மனைவியும், விசேஷம் ஒன்றுமில்லாமலே பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகத் தங்கியிருந்த மகளும். எதிர்ச் சுவரில் டிவி. அதை ஒட்டிய மேஜையில் கம்ப்யூட்டர். மேஜையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். உட்காருகிறவள் சுவரில் முதுகு சாய உட்கார வேண்டும். மானிட்டரின் முதுகும் அதன் மேல் வைத்த கேமராவின் முதுகும் சோபாவைப் பார்த்தன. இப்படி யாராவது மேஜை போடுவார்களா என்று நினைத்தாள். கேட்கவில்லை.

மூக்குக்குத் துணியைக் கட்டிக்கொண்டு டிவிக்கு அடியில் குனிந்தாள். உலர்ந்த பழத்தோல், வேர்க்கடலைத் தோல், அதன் நடுவே வெட்டிய நகங்கள். பெரியவர் வெட்டி வெட்டிக் காலால் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒன்று கிழவரின் கட்டைவிரல் நகமாகத்தான் இருக்கும், மஞ்சளாக, பிறை போல. கையுறை போட்டுக்கொண்டாள்.

"யாரு பாக்கறதுக்கு சார் இது?" என்று பேச்சுக் கொடுத்தாள். பேசினால் குமட்டல் குறையும்.

"பையன் கப்பல்ல இருக்கான். கரைக்கு வந்தா கூப்பிடுவான். மருமக பேசுவா, நாங்க எல்லாரும் டிவியில பாப்போம்."

"நீங்களும் பேசுவீங்களா?"

"எங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசுவான். அப்புறம் 'சரி, அவளைக் கூப்பிடுங்க'ம்பான். அதுக்கு மேலதான் பாக்கணும்" என்று மகள் சிரித்தாள். "பக்கத்து வீட்டு அத்தைகூட வந்துடுவாங்க. போன தடவை அண்ணன் அண்ணிக்கு முத்தம் குடுத்தான். அண்ணி முகம் போன போக்கு இருக்கே, அத்தைக்குப் புரை ஏறிடுச்சு."

"உங்க மகனுக்குத் தெரியுமா, நீங்க பாக்கறது?"

"தெரிஞ்சா கூச்சப்படுவான்" என்றாள் மாமியார், மகன் மேல் கரிசனமாக. "நாங்க மூச்சுக்கூட விடமாட்டோம். அவன்தான் ஒவ்வொரு தடவையும் 'தனியா இருக்கியா'ன்னு கேப்பான். இவ 'ம்'ம்பா. வேற என்னத்தச் சொல்லுவா."

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். அவளுடைய போன் விழுந்து உடைந்து நாலு மாதம் ஆகிறதாம். வீட்டில்தான் இத்தனை போன் இருக்கிறதே, இவளுக்குத் தனியாக எதற்கு என்று பெரியவரே சொன்னார். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டும் அவரிடம்தான்.

ஸ்பிரிட் அக்கா வேலையைப் பார்த்தாள். டிவியில் கேபிள் செருகும் முதல் எச்.டி.எம்.ஐ. போர்ட் போன வருஷ இடியில் போய்விட்டதாம். இரண்டாவதில்தான் கேபிள் மாட்டியிருந்தது. கேபிளைக் கழற்றித் தன் சின்ன டெஸ்ட் மானிட்டரில் செருகினாள். படம் வந்தது. ஆக கம்ப்யூட்டரும் சரி, கேபிளும் சரி. கோளாறு போர்ட்டில்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

போர்ட்டுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கின் மேல் என்னவோ பளபளத்தது. கண்ணாடி டேப். கத்தரியால் அளவெடுத்து வெட்டி, ஓரம் பிசிறில்லாமல், ஒரு கம்பியும் கேபிளில் படாதபடி சுற்றி ஒட்டியிருந்தது. பதினாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கைவேலையை அவள் பார்த்ததில்லை.

நிமிர்ந்தாள். வாசலில் நின்ற பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"போர்ட் போயிடுச்சு சார்" என்றாள் ஸ்பிரிட் அக்கா. வாடிக்கையாளரிடம் அவள் சொன்ன முதல் பொய். "இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் கிடைக்காது."

பெரியவர் லேசில் விடுகிற ஆளில்லை. அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் காரியத்தைக் கெடுத்தார்: "அவங்க பையிலேயே கன்வெர்ட்டர் இருக்கு சார், காலையில நான்தான் வெச்சேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை இருக்குமே, அதுல மாட்டச் சொல்லுங்க."

"படம் மங்கலா வரும் சார்."

"மூஞ்சி தெரிஞ்சா போதும்மா."

வேறு வழியில்லை. மாட்டினாள். படம் வந்தது, சோப்புத் தண்ணீரில் பார்க்கிற மாதிரி. சத்தம் மட்டும் துல்லியமாக வந்தது. அந்தப் பெண் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வைக்குப் பேசாமல் கீழே கிடந்த நகத்தையே தின்றிருக்கலாம் போலிருந்தது ஸ்பிரிட் அக்காவுக்கு.

படம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பெரியவர் அவளை நிறுத்திக்கொண்டார். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்து சோபாவில் இடம் பிடித்தாள். மகள் ஒரு தட்டு வேர்க்கடலையைச் சுற்றுக்கு விட்டாள். அழைப்பு வந்தது. பெரியவரும் மனைவியும் போய் அஞ்சு நிமிஷம் பேசிவிட்டு, பூனை மாதிரி சோபாவுக்குத் திரும்பினார்கள். மருமகள் போய் உட்கார்ந்தாள்.

"தனியா இருக்கியா?" என்றான் அவன். டிவியில் ஆளுயரத்துக்கு அவன் முகம், கறுத்து, இளைத்து.

"ம்."

"ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், சிரிக்கக் கூடாது."

சோபாவில் பக்கத்து வீட்டு அத்தை, மாமியாரின் தொடையைக் கிள்ளினாள். பெரியவர் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கீழுதட்டில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

பெற்ற தகப்பன் இப்படிப் பார்க்கிறாரே என்று ஸ்பிரிட் அக்கா நினைத்தாள். கரப்பான் முட்டையைத் தொட்டபோதுகூட இப்படி உடம்பு கூசவில்லை. கருவிகளைப் பையில் போட்டுவிட்டு மேஜையிடம் போனாள்.

"கேமரா லூஸா இருக்கும்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, மானிட்டர் மேலிருந்த கேமராவைச் சோபாவின் பக்கம் திருப்பிவிட்டாள்.

டிவியின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் மருமகள் மறைந்து சோபா வந்தது. பனியனோடு அப்பா, அம்மா, தட்டைப் பிடித்த தங்கை, எவளோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி. நாலு பேரும் கேமராவைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

டிவியில் அவன் முகம் மெல்லச் சுருங்கி அப்படியே நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்றுகூட ஸ்பிரிட் அக்கா நினைத்தாள்.

"அப்பா, எத்தனை நாளா அங்க உக்காந்திருக்கீங்க?"

முதலில் எழுந்தது பக்கத்து வீட்டு அத்தைதான். அடுப்பில் பால் இருப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டே போனாள்.

"ஏன் சொல்லல?" என்றான் அவன், மனைவியிடம்.

"எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் அவள். அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று ஸ்பிரிட் அக்காவுக்குத் தெரியாது. கன்வெர்ட்டரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. தெருக்குழாயில் முழங்கை வரைக்கும் கழுவினாள். அந்தக் கப்பல்காரன் முகம் சுருங்கிய விதத்தைத் தானும் நின்று பார்த்தோமே என்று நினைத்தபோது வாயில் புளித்தது.

மறுநாள் பெரியவர் கடைக்குப் போன் போட்டுக் கத்தினார். முதலாளி அவளைக் கூப்பிட்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், டேப்பைத் தவிர. அவர் மேஜை மேலிருந்த ஸ்க்ரூவை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்த வீட்டுக்கு இனிமே நம்ம ஆள் யாரும் போக வேண்டாம்" என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கடை நம்பருக்கு ஒரு பெண் அழைத்தாள்.

"அக்கா, நான்தான். அவர் எனக்கு போன் அனுப்பியிருக்காரு. ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசறேன்."

"சும்மா விட்டாங்களா?"

"எங்க மாமியார் கதவுக்கு வெளியில வந்து நிக்கறாங்க. நிழல் தெரியுது."

"அய்ய. நீ என்ன பண்றே?"

"ஃபேனை அஞ்சுல வெச்சிடறேன்க்கா. கடகடன்னு சத்தம் போடும்."

"அதை மட்டும் ரிப்பேர் பண்ணாதே" என்றாள் ஸ்பிரிட் அக்கா.